வாயனசாலை பிரிண்டர்: குளத்தூர் குறிப்புகள்

திருவனந்தபுரத்தில் குளத்தூர் என்று சொன்னால் டெக்னோபார்க்கை ஒட்டிய குளத்தூர்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். நான் எழுதுவது இன்னொரு குளத்தூரைப் பற்றி. நெய்யாற்றின்கரை தாலுகாவின் தென்கோடியில், பாறசாலைக்கும் பூவாறுக்கும் நடுவே கிடக்கும் ஊர் இது. பொழியூர்க் கடற்கரையைத் தாண்டினால் கொல்லங்கோடு, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நாலு தாலுகாக்களும் அந்தப் பக்கம் போனபோது நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றுவிட்டது. பெண் எடுப்பதும் கொடுப்பதும் மட்டும் எல்லையைப் பார்ப்பதில்லை. அதனால் ஒரே வீட்டில் நிலவரி ரசீது மலையாளத்திலும் அம்மா வழிச் சொத்தின் பட்டா தமிழிலும் இருக்கும். இரண்டையும் யாராவது அச்செடுத்துக் கொடுக்க வேண்டும்.

*

எங்கள் வாசகசாலையை ஊரில் வாயனசாலை என்றே சொல்வார்கள். அங்கே ஒரு சின்ன லேசர் பிரிண்டர் உண்டு. முன் அறையில் ஒரே ஒரு கணினியோடு யு.எஸ்.பி. கேபிளில் கட்டிக் கிடந்தது. உள் அறையில் பிள்ளைகளுக்கு இரண்டு கணினிகள், செயலாளரிடம் ஒரு மடிக்கணினி. எதில் வேலை செய்தாலும் அச்செடுக்க முன் அறைக்குத்தான் வர வேண்டும். பென் டிரைவில் கொண்டுவருவார்கள். வைரஸும் கூடவே வரும். பென் டிரைவ் இல்லாதவர்கள் நூலகர் அக்காவின் வாட்ஸாப்புக்கு அனுப்புவார்கள். அக்கா அதைக் கணினிக்கு மாற்றி, அச்சடித்துக் கொடுப்பார்.

ஒரு நாள் போனில் இடமே இல்லை என்று என்னிடம் நீட்டினார். திறந்து பார்த்தால் அத்தனையும் பிறருடையது. ஆதார் அட்டைகள், ரேஷன் கார்டுகள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், யாரோ ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட். "இதெல்லாம் எனக்க போன்ல கெடக்கலாமா மக்களே?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிரிண்டரை எல்லாருக்கும் பொதுவாக்கியே ஆக வேண்டும் என்று அன்றைக்கு நினைத்ததுதான்.

*

அதற்கு வேண்டியது ஒரு பிரிண்ட் சர்வர். அது பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு கணினி பிரிண்டருக்குப் பக்கத்தில் எப்போதும் விழித்திருக்கும். அதே வைஃபையில் இருக்கும் மற்றக் கணினிகளும் போன்களும் தங்கள் பக்கங்களை அதற்கு அனுப்பும். வந்த வரிசையில் அடுக்கி வைத்து ஒவ்வொன்றாகப் பிரிண்டருக்குக் கொடுப்பது அதன் வேலை. இதற்கு இணையம் வேண்டாம். ரூட்டருக்குக் கரண்டு இருந்தால் போதும். ஊரில் மழைக்குக் கேபிள் அறுந்து ரெண்டு நாள் இணையம் இல்லாமல் போனபோதும் உள் அறையிலிருந்து அனுப்பிய தாள் முன் அறையில் வந்து விழுந்தது.

*

கணினிக்குச் செலவு இல்லை. மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப், 2 ஜி.பி. நினைவகம். புது விண்டோஸ் ஏற்றினால் மூச்சு முட்டும். டெபியன் என்ற லினக்ஸை ஏற்றினால் தாராளம். திரை, சுட்டி, மேசைச்சூழல் எதுவும் இல்லாத வெறும் டெபியனை ஏற்றினேன். மானிட்டர் முதல் நாள் மட்டும் தேவைப்பட்டது. பிறகு அதைக் கழற்றி உள் அறைக்குக் கொடுத்துவிட்டோம்.

ஒரு கணக்கு பார்த்துக்கொள்வது நல்லது. இப்படிப்பட்ட பெட்டி சும்மா ஓடினாலே 50 வாட் இழுக்கிறது என்று வைத்தால், இரவும் பகலும் ஓட விட நாளுக்கு 1.2 யூனிட். ராஸ்பெர்ரி பை போன்ற கையகலக் கணினி அதில் பத்தில் ஒரு பங்கு கூட எடுக்காது. கையில் காசு இருக்கும் வாசகசாலை அதை வாங்கலாம். எங்களிடம் இல்லை. அதனால் வேறு வழி செய்தோம். பயாஸில், கரண்டு வந்ததும் தானாகத் தொடங்கு என்று ஓர் அமைப்பு இருக்கும். அதைப் போட்டுவிட்டேன். மாலையில் அக்கா வந்து மெயின் சுவிட்சைப் போட்டால் பெட்டி தானே எழுந்துகொள்ளும். யாரும் உள்ளே நுழையவோ கடவுச்சொல் தட்டவோ வேண்டாம். பூட்டும்போது முன்னால் உள்ள பொத்தானை ஒரு முறை அழுத்தினால் ஒழுங்காக அணையும். அதன் பிறகுதான் மெயின் சுவிட்ச். இந்த வரிசையை ஓர் அட்டையில் மலையாளத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

*

லினக்ஸ் என்றதும் செயலாளர் தயங்கினார். பிள்ளைகள் தயங்கவே இல்லை. காரணம், கேரளத்துப் பள்ளிக்கூடம். 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் அரசுப் பள்ளிகளின் கணினி அறைகள் லினக்ஸுக்கு மாறின. 2017-இல் அந்தத் திட்டமே கைட் என்ற அரசு நிறுவனமானது. இன்று இங்கே பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு லினக்ஸ் என்பது வகுப்பறைச் சாமான். டெர்மினலைத் திறந்ததும் ஒரு பையன், "அண்ணா, சூடோ போடல்ல" என்று எனக்குத் திருத்தம் சொன்னான். நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்ட முன்னால் போடும் சொல் அது. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

*

நிறுவியது கப்ஸ். சி, யு, பி, எஸ் என்ற நாலு எழுத்து. யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொது அச்சு அமைப்பு என்பது அதன் விரிவு. மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997-இல் எழுதத் தொடங்கி 1999-இல் வெளியிட்டார். அதற்கு முன் யூனிக்ஸ் உலகில் அச்செடுக்கப் பெர்க்லியில் பிறந்த ஒரு முறையும் ஏ.டி. அண்டு டி. வழிவந்த இன்னொரு முறையும் தனித்தனியாக இருந்தன. கப்ஸ் இரண்டின் கட்டளைகளையும் ஏற்றுக்கொண்டது. 2002-இல் ஆப்பிள் தன் மேக்கில் அதைச் சேர்த்தது. 2007-இல் மூல நிரலையே வாங்கி ஸ்வீட்டையும் வேலைக்கு அமர்த்தியது. 2019 கடைசியில் அவர் அங்கிருந்து வெளியே வந்தார். இப்போது ஓப்பன்பிரிண்டிங் என்ற குழுவில் வேலை தொடர்கிறது. விலை உயர்ந்த மேக்கிலும் எங்கள் தூசி படிந்த டெஸ்க்டாப்பிலும் பக்கங்களை வரிசைப்படுத்துவது ஒரே நிரல்தான்.

நிறுவுவதற்கு ஒரு வரிக் கட்டளை போதும். பிறகு நம் பயனரை அச்சு நிர்வாகக் குழுவில் சேர்க்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் கப்ஸ் நம்மிடம் கடவுச்சொல் கேட்டுக்கேட்டு உள்ளே விடாது. புதிதாகச் செய்கிறவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். மூன்றாவது, பிரிண்டரைப் பகிர்வதற்கு அனுமதி. அது முடிந்தால் உலாவியில் அந்தக் கணினியின் முகவரியையும் 631 என்ற எண்ணையும் தட்டினால் நிர்வாகப் பக்கம் திறக்கும். 631 என்பது இணைய அச்சு நெறிமுறைக்கென்று ஒதுக்கிய கதவு எண். பழைய பெர்க்லி முறைக்கு 515. பிரிண்டரே நேரடியாக வலையமைப்பில் இருந்தால் 9100.

*

பிரிண்டர் வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. யாரும் கேட்பதில்லை. பக்கத்தைப் புரிந்துகொள்ளும் மூளை பிரிண்டருக்குள் இருக்கிறதா, கணினிதான் எல்லாவற்றையும் புள்ளிகளாக வரைந்து கொடுக்க வேண்டுமா? விலை குறைந்த லேசர்களில் பல இரண்டாவது வகை. சிலவற்றுக்குத் தன் உள்நிரலைக் கூட வைத்துக்கொள்ள இடம் இல்லை. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கணினி அதை ஊட்டிவிட வேண்டும். எங்களுடையது அந்த வகைதான். தயாரித்தவர்கள் லினக்ஸுக்கு என்று எதுவும் தரவில்லை. எங்கோ இருக்கும் தன்னார்வலர்கள் அந்தப் பிரிண்டர் பேசும் மொழியைக் கவனித்துக் கவனித்துக் கற்று, இயக்கி எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் குளத்தூரில் இந்தப் பெட்டி வெறும் பெட்டி. இப்போது வரும் பிரிண்டர்களில் பலவற்றுக்குத் தனி இயக்கி தேவையில்லை. 2010-இல் ஏர்பிரிண்ட் வந்த பிறகு போனிலிருந்து நேராக அச்செடுக்கும் வசதி பொதுவாகிவிட்டது. அந்த வசதி உள்ள பிரிண்டர் என்றால் லினக்ஸும் அதை அநேகமாகத் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். பெட்டியின் மேல் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

*

இந்த வேலையில் இறங்கும்போதெல்லாம் ஒரு பழைய கதை நினைவுக்கு வரும். 1980 வாக்கில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடம். அங்கே பிரிண்டர் ஒரு மாடியில், வேலை செய்கிறவர்கள் பல மாடிகளில். தாள் சிக்கிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. போய்ப் பார்த்தால் வரிசை முழுக்க நின்று கிடக்கும். பழைய பிரிண்டருக்கு அங்கிருந்த நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஒரு வழி செய்து வைத்திருந்தார். தாள் சிக்கினால், காத்திருப்பவர்கள் எல்லாருடைய திரையிலும் செய்தி வரும். யாராவது ஒருவர் எழுந்து போய்ச் சரிசெய்வார். பிறகு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு புது லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அதன் மூல நிரல் வரவில்லை. அந்த நிரல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருந்தது. ஸ்டால்மன் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தர மாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

1983 செப்டம்பர் 27 அன்று ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவித்தார். அதற்குக் காரணங்கள் பல. ஆனால் அந்தப் பிரிண்டரை அவர் மறக்கவில்லை. பிறகு எத்தனையோ மேடைகளில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். 2001 ஜூலை 20 அன்று இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைக்க அவர் வந்தது எங்கள் திருவனந்தபுரத்துக்குத்தான். அதே ஆண்டு தொடங்கிய பள்ளித் திட்டம்தான் அந்தப் பையனின் வாயில் சூடோவை வைத்தது. ஒரு பிரிண்டரில் தாள் சிக்கிய கதை இத்தனை தூரம் நடந்து நெய்யாற்றின்கரைக்கு வந்திருக்கிறது.

*

எல்லாம் செய்தாயிற்று. முதல் பக்கத்தை அனுப்பினேன். வரவில்லை. ஆரஞ்சு விளக்கு மட்டும் மின்னியது. கேபிளை மாற்றினேன், இயக்கியை நீக்கி மறுபடி ஏற்றினேன், ஒரு மாலை முழுக்கப் போனது. காரணம் என்ன தெரியுமா? தாளின் அளவு. நிறுவும்போது மொழியை அமெரிக்க ஆங்கிலமாக விட்டிருந்தேன். அதனால் கணினி எல்லாப் பக்கத்தையும் அமெரிக்க லெட்டர் அளவில் அனுப்பிக்கொண்டிருந்தது. பிரிண்டர் அந்தத் தாளுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. நம்மூரில் அந்தத் தாளை யார் பார்த்திருக்கிறார்கள்? தட்டில் இருந்தது ஏ4.

சர்வரின் பொது அமைப்பில் ஒரு முறை, பிரிண்டரின் அமைப்பில் ஒரு முறை, இரண்டு இடத்திலும் ஏ4 என்று மாற்றியதும் பக்கம் வந்து விழுந்தது. இந்தியாவில் லினக்ஸில் பிரிண்டர் வைக்கிற எல்லாரும் முதலில் இதைப் பாருங்கள்.

*

இரண்டாவது சங்கதி கரண்டு. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் இங்கே ஒரு மாலைக்கு மூன்று நாலு முறை போய் வரும். அச்சு நடக்கும்போது பிரிண்டர் அணைந்தால், கப்ஸ் அந்த வரிசையையே நிறுத்தி வைத்துவிடும். அதன் இயல்பு அமைப்பு அப்படி. கரண்டு வந்து பிரிண்டர் எழுந்தாலும் வரிசை நின்றபடியே இருக்கும். யாராவது நிர்வாகப் பக்கத்துக்குப் போய்த் தொடரச் சொல்ல வேண்டும். வாயனசாலையில் அதற்கு யார் இருக்கிறார்கள்? முதல் வாரத்தில் தினமும் எனக்குப் போன் வந்தது. "அண்ணா, பிரிண்டர் மறுபடியும் பிணங்கிட்டு நிக்குது."

பிழை நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அமைப்பு கப்ஸில் ஒவ்வொரு பிரிண்டருக்கும் இருக்கிறது. நிறுத்து என்பதை, சற்றுப் பொறுத்து மறுபடி முயற்சி செய் என்று மாற்றினேன். அன்றோடு போன் நின்றது. பெரிய அலுவலகத்தில், தவறு நடந்தால் நிறுத்திவிட்டு நிர்வாகியைக் கூப்பிடுவது சரியாக இருக்கலாம். நிர்வாகியே இல்லாத கிராமத்து வாசகசாலைக்கு அது பொருந்தாது. சர்வர் வைப்பது என்றால் இப்படிப்பட்ட சின்னச் சின்ன இடங்களில் ஊரை நினைத்துப் பார்த்து முடிவெடுப்பதுதான். நிறுவுவதைக் கட்டளை பார்த்துக்கொள்ளும்.

*

இடியைப் பற்றித் தனியாக. துலாமழை என்னும் வடகிழக்குப் பருவமழையில் மாலை நேரத்து இடி எங்கள் பக்கம் கடுமை. மழை இருட்டினால் மெயின் சுவிட்சை அணைப்பதோடு பிளக்கையும் பிடுங்க வேண்டும்; ரூட்டருக்கு வரும் கேபிளையும் சேர்த்து. இன்னொன்று, லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.சின் பேட்டரிப் பக்கத்தில் சொருகக் கூடாது. டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் உருளை சூடேறும்போது ஒரே இழுப்பில் பெரிய மின்சாரம் எடுக்கும், சின்ன யு.பி.எஸ். தாங்காது. கணினியும் ரூட்டரும் யு.பி.எஸ்.சில், பிரிண்டர் சுவரில்.

தாளும் நனையும். கண்ணுக்குத் தெரியாத ஈரம். பொழியூர் உப்புக்காற்று வேறு. திறந்த தாள்கட்டை ஒரு வாரம் வெளியே வைத்தால் விளிம்பு சுருண்டு, பிரிண்டரில் சிக்கும். மென்பொருளில் தப்பு இருக்குமோ என்று நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அக்கா தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஈரமாக்கும்" என்றார். இப்போது தாள்கட்டு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது, அரிசிக்கு வைப்பது போல.

*

முகவரி மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரூட்டர் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் கொடுக்கும். கரண்டு போய் வந்தால் வேறு எண் கொடுத்தாலும் கொடுக்கும். நேற்று 192.168.1.5-இல் இருந்த சர்வர் இன்று 192.168.1.9-க்குப் போய்விட்டால் விண்டோஸ் மடிக்கணினி பழைய கதவைத் தட்டிக்கொண்டே நிற்கும். ரூட்டருக்குள் போய், இந்தக் கணினிக்கு எப்போதும் இந்த எண் என்று பதிந்து வைத்தேன். பத்து நிமிட வேலை.

விண்டோஸுக்கென்று சாம்பா என்ற தனிப் பகிர்வு நிரல் எல்லாம் இப்போது அவசியம் இல்லை. புதுப் பிரிண்டர் சேர்க்கும் இடத்தில் சர்வரின் முகவரி, 631, பிரிண்டரின் பெயர் மூன்றையும் வலைமுகவரி போல எழுதினால் சேர்ந்துவிடும். பிரிண்டருக்குப் பெயர் வைக்கும்போது இடைவெளி விடாமல் சின்னப் பெயராக வையுங்கள். எங்கள் பிரிண்டரின் பெயர் குளம்.

*

போன்கள்தான் முக்கியம். ஊரில் கணினி உள்ள வீடு கொஞ்சம். எல்லாருடைய கையிலும் போன் இருக்கிறது. அவாகி என்ற சின்னச் சேவை சர்வரில் ஓடினால், நான் இங்கே இருக்கிறேன் என்று பிரிண்டரின் பெயரை வைஃபை முழுக்க அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் ஆவணத்தைத் திறந்து பிரிண்ட் என்று தொட்டால் குளம் என்ற பெயர் தானாக வரும்.

எங்களுக்கு முதலில் வரவில்லை. விருந்தினருக்கு என்று ரூட்டரில் தனி வைஃபை வைத்திருந்தோம். அதில் சேரும் போன்கள் உள்ளே இருக்கும் எதையும் பார்க்க முடியாது. பாதுகாப்புக்காகச் செய்த சுவர். அந்தச் சுவர் பிரிண்டரையும் மறைத்துவிட்டது. சுவரை உடைக்க மனம் வரவில்லை. அச்செடுக்க வருகிறவர்களுக்கு மட்டும் உள் வைஃபையின் கடவுச்சொல்லை அக்கா தட்டிக் கொடுக்கிறார். மாதம் ஒரு முறை மாற்றுகிறோம். இதைவிட நல்ல வழி இருக்கலாம். எங்களுக்கு இது ஓடுகிறது.

*

எழுத்து. இதைப் பற்றி எத்தனை எழுதினாலும் எனக்குத் தீராது.

தமிழ் எழுத்து முதன்முதலில் அச்சேறிய புத்தகம் கேரளத்து மண்ணில்தான் வந்தது. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், 16 பக்கம். அன்ரிக்கே அன்ரிக்கஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் தமிழ்ப்படுத்தியது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகமும் அதுவே. பாறசாலையில் ரயில் ஏறி வடக்கே போனால் கொல்லம். நானூறு ஆண்டுக்கு மேல் கழித்து, அதே கடற்கரையில், ஒரு திருமண அழைப்பிதழில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் விழுகிறது என்று நாங்கள் திண்டாடுகிறோம்.

நடப்பது இதுதான். எல்லை தாண்டிய டி.டி.பி. கடைகளில் தட்டச்சு செய்துவரும் கோப்புகள் இன்னும் பாமினி போன்ற பழைய ஃபான்ட்டுகளில் இருக்கின்றன. அந்த முறையில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் அழைப்பிதழ் முழுக்க ஆங்கிலக் குப்பை. கடைக்காரரிடமே பி.டி.எஃப். ஆக்கி வாங்கி வரச் சொல்கிறோம். பி.டி.எஃப். தனக்கு வேண்டிய எழுத்துருவைத் தன்னுள்ளேயே சுமந்து வரும். சர்வரில் அந்த ஃபான்ட் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி எழாது. யூனிகோடில் இருக்கும் வெறும் எழுத்துக் கோப்பையும் நேரடியாகச் சர்வருக்கு அனுப்பக் கூடாது. அனுப்பிப் பார்த்தோம், கலைந்துதான் வந்தது. லிப்ரே ஆபீசில் திறந்து அங்கிருந்து அச்செடுத்தால் கோணலில்லாமல் வருகிறது.

மலையாளத்துக்கு வேறு சிக்கல். 2008-இல் யூனிகோட் 5.1, உயிர் சேராத மெய்யைக் குறிக்கும் சில்லெழுத்துகளுக்குத் தனி இடம் கொடுத்தது. அதற்கு முந்திய ஃபான்ட்டில் திறந்தால் சொல்லின் கடைசி எழுத்து பெட்டியாக நிற்கும்.

உள் அறைக் கணினிகளில் தமிழுக்கு மீரா இனிமை என்ற எழுத்துருவைப் போட்டிருக்கிறேன். டெபியனிலேயே கிடைக்கிறது. அதைச் செய்தவர்கள் ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற கேரளத்துத் தன்னார்வலர் குழு. தங்கள் மீரா என்ற மலையாள எழுத்துருவின் சாயலில் தமிழுக்கும் ஒன்றை வரைந்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே நோட்டீசில் மேலே மலையாளம், கீழே தமிழ் என்று அச்சடிக்கிற எங்களைப் போன்ற ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டு எழுத்தும் ஒரே கைப்பட எழுதியது போல வருகிறது. அந்தக் குழுவுக்கு எங்கள் ஊரின் நன்றி.

*

இனி, பிறர் தாள்கள் தன் போனில் கிடக்கலாமா என்ற அக்காவின் கேள்விக்கு வருகிறேன்.

பிரிண்டரைப் பொதுவாக்கியதும் வாட்ஸாப் நின்றது. அவரவர் போனிலிருந்து அவரவரே அனுப்புகிறார்கள். அக்காவின் போன் காலியானது. ஆனால் ஒரு நாள் சர்வருக்குள் புகுந்து பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. அனுப்பிய கோப்புகள் அத்தனையும் அச்சுக் கிடங்கில் அப்படியே கிடந்தன. கப்ஸ், அச்சு முடிந்த கோப்பையும் ஒரு நாள் வைத்திருக்கும். மறுபடி அச்செடுக்கக் கேட்டால் கொடுப்பதற்காக. கணக்காகச் சொன்னால் 86,400 நொடி. ஆக, ஒரு நாளின் ஆதார் அட்டைகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள். போனிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. அச்சு முடிந்தால் கோப்பை வைத்திருக்காதே என்று எழுதினேன். அச்சடித்த மறுகணம் போய்விடுகிறது. யார், எப்போது, எத்தனை பக்கம் என்ற பதிவு மட்டும் மிஞ்சும். கணக்குக்கு அது போதும்.

இதை இங்கே அழுத்தி எழுதக் காரணம் இருக்கிறது. கணினி மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் நம் தாள்கள் எங்கெங்கோ தங்கிவிடுகின்றன. யாரும் கெட்ட எண்ணத்தில் வைப்பதில்லை. நீக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஏழைகளின் தாள்கள்தான் அதிகமாகத் தங்குகின்றன, ஏனென்றால் அவர்களிடம்தான் சொந்தப் பிரிண்டர் இல்லை. முதியோர் பென்ஷனுக்கு ஒருவர், மீனவர் நலநிதிக்கு ஒருவர், மகளின் பி.எஸ்.சி. ஹால் டிக்கெட்டுக்கு ஒருவர். அவர்கள் நம்பி நீட்டுகிற தாள் வேலை முடிந்ததும் அவர்கள் கையில் மட்டும்தான் இருக்க வேண்டும்.

*

பாதுகாப்பு பற்றி இன்னும் ஒன்று. 2024 செப்டம்பரில் சிமோனே மார்கரித்தெல்லி என்ற இத்தாலிய ஆய்வாளர் கப்ஸோடு சேர்ந்து வரும் ஒரு துணைச் சேவையில் ஓட்டைகளைக் கண்டுபிடித்து வெளியிட்டார். வலையமைப்பில் பிறர் பகிர்ந்த பிரிண்டர்களைத் தேடிச் சேர்க்கும் சேவை அது. வெளியிலிருந்து வரும் செய்தியைக் கேள்வி கேட்காமல் நம்பியது. போலிப் பிரிண்டரை உள்ளே நுழைத்து, அதில் யாராவது அச்செடுத்தால் கணினியில் கட்டளை ஓட்டலாம் என்ற நிலை. திருத்தங்கள் உடனே வந்துவிட்டன. எங்கள் சர்வரில் அந்தச் சேவையே தேவையில்லை. எங்களிடம் இருப்பது ஒரு பிரிண்டர், அது கேபிளில் இருக்கிறது. நிறுத்திவிட்டேன். 631-ஐ நம் வைஃபைக்குள் மட்டும் திறந்து வையுங்கள், ரூட்டரில் வெளியுலகுக்கு ஒருபோதும் திறக்காதீர்கள். மாதம் ஒரு முறை டெபியனின் திருத்தங்களை ஏற்றுவதை இப்போது பத்தாம் வகுப்புப் பையன் பார்த்துக்கொள்கிறான்.

*

1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தைத் தொடங்கினார் பி.என். பணிக்கர். அன்று நூலகம் என்றால் புத்தகமும் பத்திரிகையும். இன்று அரசின் எந்தச் சேவைக்கும் தாள் வேண்டும், தாளுக்குப் பிரிண்டர் வேண்டும். அவர் நினைவு நாளான ஜூன் 19 இங்கே வாசிப்பு நாள். அன்று மாலை உள் அறையில் பிள்ளைகள் தாங்களே எழுதி, தாங்களே பக்கம் கட்டி, எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை அச்செடுத்தார்கள். பாதி மலையாளம், பாதி தமிழ். முன் அறையில் பிரிண்டர் ஒவ்வொரு பக்கமாகத் துப்பியது. அக்கா எழுந்து போகாமலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

*

பிரிண்டர் பக்கத்தில் ஒரு நோட்டுப்புத்தகம் கட்டித் தொங்குகிறது. சர்வரின் முகவரி, கடவுச்சொல் இருக்கும் இடம், டோனர் மாற்றிய தேதி, தாள் சிக்கினால் எந்த மூடியைத் திறக்க வேண்டும் என்ற படம், எல்லாம் அதில். நான் ஊரில் இல்லாத நாளிலும் வேலை நடக்க வேண்டும் அல்லவா? உங்கள் ஊர் வாசகசாலையிலும் மூலையில் ஒரு பழைய கணினி கிடக்கும். இந்த வாரக் கடைசியில் போய் அதைத் தூசி தட்டுங்கள். டெபியன், கப்ஸ், ஏ4, மறுமுயற்சி, நீக்கம்: இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள். சந்தேகம் வந்தால் ஊரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.